அலையை நிறுத்தி வைத்தவர்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் வீட்டிலும் அதே தந்திரம்தான்!

தந்திரம் அவர் ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டிலிருந்து வந்தது. அதில் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் குட்டிச் சிப்பாய்கள் அலை அலையாக வருவார்கள். அவசரக்குடுக்கைகள் வந்த கூட்டத்தையெல்லாம் வெட்டித் தள்ளி, எதிரியின் கோபுரம் வரை போய் மாட்டிக்கொள்வார்கள். நம்மவர் அப்படியா? சும்மா நிற்பார். சாகப்போகிற சிப்பாய்க்கு மட்டும் கடைசி அடி. அலை நம் கோபுரத்துப் பக்கத்திலேயே நின்றுவிடும். எதிரி பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே வந்துதான் ஆகவேண்டும்.

"அதாவது, வேலைய முடிக்காம இழுத்தடிக்கறதுக்குப் பேரு வித்தையா?" என்றாள் மனைவி. அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர்.

"உனக்குப் புரியாதும்மா. இதுக்குப் பொறுமை வேணும்."

அந்தப் பொறுமையைத்தான் ஒழுகுகிற பாத்ரூம் குழாயில் காட்டினார். குழாயை முடித்தால் ஃபேன் வரும். ஃபேனை முடித்தால் பரண் வரும். அதனால் குழாயைக் கழற்றிப் போட்டு, ஓட்டைக்கு ஒரு மூடியைக் கையால் திருகி, வால்வையும் மூடிவிட்டார். எந்த வேலை சொன்னாலும் மூன்று வாரமாக ஒரே பதில்: "குழாய் வேலை ஓடிட்டிருக்கில்ல?"

மனைவி சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தாள். அதில் மனுஷனுக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிட்டது.

ஞாயிறு மூன்று மணி. ஸ்பீக்கரில் அணித் தலைவரான பல் டாக்டர் சொன்னார்: "இன்னிக்கும் தோத்தா, உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்."

வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடக்கிற மனுஷனுக்கு அந்த ஒரு இடம்தான் சந்தோஷம். உயிரைக் கொடுத்து ஆடினார். அலையைக் கச்சிதமாக நிறுத்தியும் விட்டார்.

"என்னங்க, வால்வைத் திறக்கறேன்" என்று பாத்ரூமிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஐயோ, வேணாம்! மூடி சும்மா ஒட்டிட்டு நிக்குது. அஞ்சு நிமிஷம் பொறு!"

"அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மூணு வாரம் ஆச்சு."

திறந்துவிட்டாள். மூடி பறந்தது. தண்ணீர் கூரை வரை பீய்ச்சியடித்தது.

"மூடு! மூடு!"

"திறக்கத்தான் எனக்குத் தெரியும். மூடறது மெக்கானிக் வேலை."

"ஆட்டத்தை விட்டுட்டு எப்படி எழுந்திருக்கறது?"

"நான் உக்கார்றேன். சும்மா நிக்கணும், கடைசி அடி மட்டும் அடிக்கணும், அவ்வளவுதானே? நாள் முழுக்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பஸ் அனுப்பறவளுக்கு இது ஒரு வேலையா? டாக்டர், அவர் குழாய் பாக்கப் போறார். நான் அவர் வீட்டுக்காரி."

ஓடினார். மூன்று வாரக் குழாயைப் பத்தே நிமிஷத்தில் மாட்டினார். சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினால், திரையில் வெற்றி என்று பெரிதாக மின்னுகிறது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பாடா, இடம் தப்பித்தது!

"பிரமாதம்!" என்று ஸ்பீக்கரில் டாக்டர் குதூகலித்தார். "அடுத்த ஞாயிறும் மூணு மணிக்கு ஆட்டம். தவறாம வந்துடுங்க."

"கண்டிப்பா வந்துடறேன், டாக்டர்!" என்றார் மெக்கானிக்.

"உங்களைச் சொல்லலைங்க."