நான் சொல்ல, பள்ளிக்கூடமே திருப்பிச் சொன்ன வாதம்

நல்ல குரல் வாய்த்தவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம். ஒரு தடவை பாடிவிட்டால் ஊர் விடாது. தென்காசியில் நான் படித்த அரசுப் பெண்கள் பள்ளியில் தினமும் கடவுள் வாழ்த்துப் பாடும் வேலை அப்படித்தான் என் தலையில் விடிந்தது. மேடையேறுவேன், கை கூப்புவேன், கண்ணை மூடி ஒரு வரி பாடுவேன். கீழே நிற்கும் பள்ளிக்கூடமே அதைத் திருப்பிப் பாடும். (பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. எனக்கும்தான்.)

அறுபதுகளில் ஒரு சாரல் காலம். அதிகாரியம்மா ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. (எங்கள் பக்கம் ஆய்வெல்லாம் சாரலில்தான். குற்றாலத்தில் குளித்தால்தான் அதிகாரிகளுக்குக் கல்வி மேல் அக்கறை பிறக்கும்.) அவர் தலைமையில் ஒரு விவாதம்: ‘பள்ளியில் கடவுள் வாழ்த்து வேண்டுமா?’ வேண்டும் என்று பேச அடிதடி. கடைசியில் என் தோழி மேரிக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று பேச ஈ, காக்கை இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வருஷத்தில் எவள் சாமியைப் பகைப்பாள்?

“செண்பகம், நீ பேசுட்டி,” என்றார் தலைமையாசிரியை. “இது சுதந்திர நாடு. மேடையில யாரும் என்னமும் பேசலாம். எழுதி முதல்ல எங்கிட்ட காட்டிரு.”

மறுக்கத் தைரியமில்லாமல் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே வேறு கண்டம். அப்பாவுக்குக் கோயில் வாசலில் சூடம், பத்திக் கடை.

“அதிகாரியம்மா முன்னால நல்லாப் பேசுனேன்னா திருநெல்வேலி காலேஜு. உளறுனியோ, பரீட்சை முடிஞ்சு வாற தையில கல்யாணம். சாமி கட்சிதான பேசுத?”

நான் எச்சிலை விழுங்கினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நன்றாகப் பேசினால் அப்பாவுக்கு ஆகாது. உளறினால் எனக்கு ஆகாது. எப்படிப் பார்த்தாலும் மாலையும் கழுத்துமாக நான்தான் தெரிந்தேன்.

அந்த நாளும் வந்தது. ஈரத் தலையோடு அதிகாரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அப்பா. மேடைக்கு அவர் உபயமாக ஒரு கட்டுப் பத்தி புகைந்துகொண்டிருந்தது. கூட்டம் என்றால் கடவுள் வாழ்த்தோடுதானே தொடங்க வேண்டும்? அதையும் நானே பாடித் தொலைத்தேன். பிறகு மேரி அழகாகப் பேசினாள். அப்பா ஓங்கிக் கைதட்டினார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். அந்த மேடையில் என் உடம்புக்குத் தெரிந்தது ஒரே வேலை. கை தானாகக் கூப்பிக்கொண்டது, கண் மூடிக்கொண்டது.

“பெரியோர்களே,” என்றேன்.

“பெரியோர்களே,” என்றது தரையில் இருந்த ஆறாம் வகுப்பு.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் மறந்துவிடுமே என்ற பயத்தில் அடுத்ததைச் சொன்னேன்.

“பள்ளியில் கடவுள் வாழ்த்து வேண்டாம்.”

“பள்ளியில் கடவுள் வாழ்த்து வேண்டாம்,” என்றது மொத்தப் பள்ளியும். ராகம் வேறு.

“கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பது வழிபாடு ஆகாது.” அதையும் சொன்னார்கள். “பேசும் உரிமை இருந்தால் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு.” அந்த உரிமையை அங்கே ஒருத்தியும் பயன்படுத்தவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், எதிர்க்கட்சி மேரியும் எழுந்து நின்று கை கூப்பியிருக்கிறாள். அப்பாவின் முகம் அவர் கடைச் சூடம் மாதிரி வெளுத்திருந்தது.

அதிகாரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “நான் எதுக்குத் தீர்ப்புச் சொல்லணும்? சொல்லிக் குடுத்தா எதையும் சொல்லுவோம்னு பிள்ளைகளே காட்டிட்டாங்களே,” என்றார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. “நாளையிலருந்து நீ பாடாண்டாம்,” என்றார்.

அப்பாவும் நானும் ஒரே குடைக்குள் சாரலில் நடந்து வந்தோம். கல்யாணம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார்:

“இவள காலேஜுலயே சேத்துருவோம்.”

“அவ்வளவு நல்லாவா பேசுனா?”

“பேச்ச விடு. பரீட்சை முடிஞ்சு தை வரைக்கும் இவ இங்கன இருந்தா நான் கடையப் பூட்டணும்.”

நான் காலேஜுக்குப் போன கதை இதுதான். என் கல்யாணப் பந்தியில் அப்பா இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லித் தொலைத்தார். இன்றும், “குழம்பு ஆறுது, சாப்பிட வாங்க,” என்று நான் குரல் கொடுத்தால் என் வீட்டுக்காரர் கை கூப்பிக் கண்ணை மூடுகிறார். “குழம்பு ஆறுது, சாப்பிட வாங்க,” என்று பிள்ளைகளும் சேர்ந்து ராகம் போடுகிறார்கள். பேசாமல் இருக்கும் உரிமை இந்த வீட்டில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.