முருகன் அட்டை போட்ட கழுத்துப் புத்தகம்

மதிப்பிற்குரிய இராஜம்மா அத்தைக்கு,

கிள்ளானிலிருந்து உங்கள் தம்பி மகள் தாமரை வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

சரஸ்வதி பூஜை அன்று நீங்கள் மூன்று தடவை போன் செய்தீர்கள். மூன்று தடவையும் "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டீர்கள். முதல் தடவை ஆபீஸ் ஏர்கான் என்றேன். இரண்டாவது தடவை ஐஸ் தண்ணீர் என்றேன். மூன்றாவது தடவை வாயில் சுண்டல் இருக்கிறது என்றேன். என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது, மறுநாள் காலை எட்டரைக்கு அதில் ஊசி போட்டுச் சோதிக்கப் போகிறார்கள், அதற்கான ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க வழி தெரியாமல் நிற்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் இல்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் போனைத் திறப்பது உங்கள் பேரப்பிள்ளைகள். அவர்கள் திறந்தால் குடும்பக் குரூப்பில் விழுந்துவிடும். அந்தக் குரூப்பில் ஏற்கெனவே மூன்று செய்தி ஓடுகிறது. தாமரை சாமியாராகப் போகிறாள் என்பது ஒன்று. ஓயாமல் குனிந்து புத்தகம் படித்துக் கழுத்து வீங்கிவிட்டது என்பது இரண்டு. உங்கள் தம்பி பாலன் லோரியை ஆஸ்பத்திரிக்குள் விட்டு மோதிவிட்டார் என்பது மூன்று. மூன்றும் தவறு. மூன்றாவது கொஞ்சம்தான் தவறு. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நானும் பெரும்பாலும் நலம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸில் தண்ணீர் குடித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தபோது, விழுங்கும்போது என் தொண்டைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஏதோ ஏறி இறங்கியது. நானும் நாலு வாய் குடித்துப் பார்த்தேன், அதுவும் நாலு தடவை ஏறி இறங்கியது. கிளினிக் டாக்டர் தைராய்டு என்றார், ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டில் சொன்னால் அம்மா அன்றிலிருந்தே விரதம் ஆரம்பிப்பார், அப்பா பேசுவதை நிறுத்திவிடுவார், அதனால் சொல்லவில்லை. இணையத்தில் தேடினேன். பத்து நிமிடத்தில் என் ஈமச்சடங்கு வரைக்கும் போய்விட்டது. பிறகு ஆபீஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், கழுத்துக் கட்டிகளைப் பற்றி ஒரு டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் கிடைத்தது. இந்த மாதிரிக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாதாரணமானவை என்று பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தார். கொமியூட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஷா ஆலமிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை அந்த ஒரே வரியை ஏழு தடவை படித்தேன். அன்றுதான் ஒழுங்காக மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

புத்தகத்தின் அட்டையில் பாதி அறுத்துக் காட்டிய கழுத்துப் படம் இருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். சரி, பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி காலண்டர் தாளில் அட்டை போடுவோம் என்று ஆகஸ்ட் மாதத் தாளை எடுத்தேன். கோயில் காலண்டர் அத்தை, ஆகஸ்டுக்கு முருகன். மடித்துப் போட்டதில் மயிலும் வேலுமாக முருகன் சரியாக முன்பக்கம் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பக்க அடையாளமாக உள்ளே வைத்தேன். பத்திரமான இடம் என்று நினைத்தேன்.

பூஜை அன்று நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அம்மா என் அறையிலிருந்த புத்தகங்களை எல்லாம் சாமி மேடையில் அடுக்கிவிட்டார். மற்றதெல்லாம் கீழே, முருகன் புத்தகம் மட்டும் உச்சியில். அதற்குச் சந்தனம், குங்குமம், அதன் மேல் அப்பாவின் லோரிச் சாவி, அதன் மேல் வாழைப்பழம். "உன் ரூம்ல ஒரு சாமி புத்தகமாச்சும் இருக்கே, நான் என்னமோன்னு நெனைச்சேன்," என்று அம்மா கண் கலங்கினார். நாளைக் காலை ஒன்பதேகால் பூஜை முடிகிற வரை யாரும் எதையும் தொடக் கூடாது. கடிதம் இல்லாமல் போனால் ஊசிக்கு மறுபடி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. உங்கள் மூன்றாவது போன் வந்தது இந்த நேரத்தில்தான்.

அம்மா பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஆன்டிக்குச் சுண்டல் கொடுக்கப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில் வாழைப்பழத்தை மெதுவாகத் தூக்கி, கடிதத்தின் நுனியைப் பிடித்து இழுத்தேன். கடிதம் வரவில்லை, லோரிச் சாவி வந்தது. வந்தது நேராகப் பாயசக் கிண்ணத்துக்குள் விழுந்தது. கரண்டியால் துழாவிக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் நிற்கிறார், கூடவே வள்ளியம்மா ஆன்டி.

"என்னடி பண்ற?"

"புத்தகத்துக்கு விபூதி வைக்கலாம்னு வந்தேம்மா."

"விபூதியப் பாயசத்துலயா வைப்பாங்க?" என்றார் ஆன்டி.

ஆனால் அம்மாவுக்கு விபூதி என்ற சொல்லே போதுமாக இருந்தது. இருபத்தேழு வருடத்தில் நானாகச் சாமி மேடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. நாளைக்கு விஜயதசமி, முதல் வாசிப்பு அந்த முருகன் புத்தகத்திலிருந்துதான், நீதான் சத்தமாக வாசிக்கிறாய் என்று அங்கேயே முடிவு செய்தார், ஆன்டியையும் அழைத்துவிட்டார். ஆபீஸில் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டார்கள் என்று கெஞ்சி, பூஜையைக் காலை ஆறரைக்கு மாற்ற வைத்தேன். என் வாழ்க்கையில் நான் சாமர்த்தியமாகச் செய்த ஒரே காரியம் அது.

ஆறரைக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி குகன் மட்டும் பாதித் தூக்கத்தில். தீபாராதனை முடிந்ததும் அம்மா புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கடிதம் இருந்த பக்கம் தானாகத் திறந்துகொண்டது. "இங்கிலீஷ்லயா இருக்கு? தமிழ்ல சொல்லு. நீ ஆபீஸ்ல அதானே செய்யிற," என்றார். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

"காத்திருக்கும் நாட்கள்தான் மிகவும் நீளமானவை."

"உண்மைம்மா," என்றார் வள்ளியம்மா ஆன்டி.

"பயத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். நம்புகிற ஒருவரிடம் சொல்லுங்கள்."

"முருகா," என்றார் அம்மா.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அத்தை, மொழிபெயர்ப்பு ஆபீஸில் எங்களுக்கு ஒரே சட்டம், ஒரு வரியையும் விடக் கூடாது. ஐந்து வருடமாக அதையே செய்து செய்து, கண்ணில் பட்ட வரியைத் தாண்டிப் போக என் வாய்க்குத் தெரியவில்லை. "கழுத்திலுள்ள கட்டியில் ஊசியைச் செலுத்தும்போது விழுங்கவோ பேசவோ கூடாது," என்று அடுத்த வரியையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கும்பிட்ட கையை இறக்கினார்.

"யாருக்கு, சூரனுக்கா?" என்று கேட்டார் ஆன்டி.

குகன் சிரித்த சிரிப்பில் நான் புத்தகத்தை நழுவவிட்டேன். கடிதம் அப்பாவின் காலடியில் போய் விழுந்தது. மலாய் மொழியில் இருந்தது. முப்பது வருடம் போர்ட்டில் சரக்குப் படிவங்களை மலாயில் எழுதி வாங்கியவர், ஒரே மூச்சில் படித்துவிட்டார். பிறகு மறுபடி மேலிருந்து படித்தார்.

"பாலன் மகள்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா."

"பாலன் நான்தானே?"

"ஆமாப்பா."

"அப்ப எனக்கு ஏன் தெரியல?"

அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சந்தனக் கையோடு என் கழுத்தைத் தொட்டு, "எங்க, இங்கயா?" என்று மட்டும் கேட்டார். அப்பா சாவியை எடுத்து, "எட்டரைக்குப் போட்டிருக்கு, கெளம்பு," என்றார்.

எங்கள் வீட்டில் இருப்பது லோரியும் குகனின் மோட்டார் சைக்கிளும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். லோரிக்கு முதல் நாளே ஆயுத பூஜை போட்டிருந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடிக்கு மேல் மாவிலைத் தோரணம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அதை நசுக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்று அம்மா அந்த அவசரத்திலும் விடவில்லை. முன் சீட்டில் மூன்று பேர், நான் நடுவில், என் மடியில் முருகன். பாயசம் காய்ந்த சாவி பாதி வழி வரை ஏலக்காய் வாசம் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் மலாய்க்காரக் காவலாளி, வாழைக்கன்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன சாமான் இறக்கணும்?" என்று மலாயில் கேட்டார். அப்பா, "என் மகள்," என்றார். காவலாளி தடுப்புக் கம்பைத் தூக்கினார். அது லோரி உயரத்துக்குத்தான் உயர்ந்தது, வாழைக்கன்று உயரத்துக்கு இல்லை. குரூப்பில் சொல்லும் மோதல் இதுதான். ஒரு வாழை இலை கிழிந்தது, வேறு சேதமில்லை.

புத்தகத்தின் கடைசியில், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று பதினொன்று இருக்கின்றன. எல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே போனதும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அம்மா புத்தகத்தைப் பிரித்து, படிக்கத் தெரிந்த அளவு ஆங்கிலத்தில், விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். முருகன் டாக்டரைப் பார்த்தபடி இருந்ததால், அம்மா ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து டாக்டர் தலை குனிந்து நின்றார். "சைஸ் எவ்வளவு, டாக்டர்?" என்று கேட்டதும் நிமிர்ந்தார். பதினொன்றுக்கும் பதில் சொன்னார். எட்டாவது கேள்வியை நல்ல கேள்வி என்றார், அம்மா அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். ஊசி, கொசு கடித்த மாதிரிதான். கழுத்தில் இருந்த சந்தனத்தைத் துடைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

அத்தை, "அதிகம் படிச்சா இப்படித்தான், அந்தப் புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போடு" என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அதை எழுதிய டாக்டரம்மாவுக்கு என் பெயர் தெரியாது, கிள்ளான் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இருந்தும், பெற்றவர்களிடம் சொல்ல வாய் வராமல் நான் திரிந்த இரண்டு மாதமும் என்னோடு பேசியது அவர் ஒருவர்தான். பொய் சொல்லித் தேற்றவில்லை, தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். எனக்கு அதுவே போதுமான ஆறுதலாக இருந்தது. இப்போது அப்பா தினமும் சாப்பிட்டதும், "ம், இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று வந்து உட்காருகிறார். பேப்பரில் பந்து விளையாட்டுப் பக்கத்தைத் தவிர எதையும் தொடாத மனிதர். தைராய்டு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்று லோரிக் கதவுத் தூசியில், கூட லோரி ஓட்டும் அய்யாவு அங்கிளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, "என் கால் புண்ணு கூட எட்டு மாசமா ஆறல பாலா," என்றாராம். மறுநாளே அப்பா கிளினிக்குக் கூட்டிப் போனார். சர்க்கரை. கால் விரலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை உங்களிடம் சில வேண்டுகோள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். மந்திரித்த கயிற்றோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னீர்களாம், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என் கழுத்தையே பார்த்துப் பேசுகிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. புத்தகம் இருக்கிறது, அது போதும்.

மாமாவின் முட்டிக்கு இதமும், பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பும், உங்களுக்கு நல்ல உறக்கமும் அமைய வேண்டுகிறேன். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்,
தாமரை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒன்பது நாளாகியும் தபாலில் போடவில்லை. இப்போது படித்துப் பார்த்தால் கடைசிப் பகுதியில் ஒன்றுகூட நிஜமில்லை. பயம் இருந்தது. மூன்று நாளாகப் புத்தகத்தைத் திறக்காமல், அம்மா கூடவே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் புத்தகமும் இப்போது என்னிடம் இல்லை. இன்று ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் நடாலி என்று ஒரு பெண், கையில் அதே மாதிரிக் கடிதத்தோடு, யாரிடமும் சொல்லாமல் தனியாக வந்திருந்தாள். அவளிடம் கொடுத்துவிட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், குரூப்பிலும் போடுங்கள். வர்ற சனிக்கிழமை வாங்க, அத்தை.

காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் கொடுத்தார்கள். சாதாரணக் கட்டி. ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அப்பா எங்களை வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்.