கோணியூசியும் என் ஜரிகை வேட்டியும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன்; பிறகு அந்த ஆலையையே விலைக்கு வாங்கினேன். பள்ளத்தூரில் மாடி வீடு கட்டினேன். மகளை டாக்டராக்கினேன். எவனுக்கும் தலைகுனிந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைக் கோர்ட்டில் கூனிக்குறுக வைத்த ஒரே மனிதர், காரைக்குடி வக்கீல் குமாஸ்தா கோணியூசி.

சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ. வழக்குக் கட்டுகளை மற்றவர்கள் நாடா போட்டு முடிவார்கள். இவர் சாக்கு தைக்கும் ஊசியால் தைப்பார்.

"நாடா அவுந்துரும், குண்டூசி துருவேறிரும். எதிர்க்கட்சிக்காரன் நடுவுல ஒரு தாளைச் சொருகிட்டான்னா? நான் தைச்சா எமன் வந்தாலும் பிரிக்க முடியாது!"

எமன் கிடக்கட்டும், வக்கீலாலேயே முடியாது. ஒருமுறை வக்கீலின் மூக்குக்கண்ணாடியையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து ஆபீஸ் முழுக்கத் தேடினார்.

என் வழக்கு ஆலைக்குப் போகும் பாதையைப் பற்றியது. பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டுவிட்டார். தோற்றால் லாரி உள்ளே வராது. ஆலையைப் பூட்ட வேண்டியதுதான். பாதையைக் காட்டும் பழைய பத்திரங்கள் எல்லாம் என் வழக்குக் கட்டில்தான் இருந்தன.

விசாரணையன்று கோணியூசி கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, அந்தக் கட்டின் பழைய தையல்மேல் இன்னொரு தையல் போட்டுக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னய்யா தையல் இது? எங்க ஆலைல இப்படித் தைச்சா அரிசி ரோட்டுல போயிரும். இங்குட்டு கொண்டாங்க, மடியில வச்சு நான் இறுக்கிப் பிடிக்கிறேன். ரெட்டைத் தையலாப் போடுங்க."

"மொதலாளி சொன்னாச் சரிதான். ஆடாம இருங்க."

ஆடாமல்தான் இருந்தேன். டவாலி என் பெயரைக் கூப்பிட்டார். கோணியூசி கட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, நானும் ஒட்டிக்கொண்டே ஓடினேன். நீதிபதியின் மேஜைக்கு அவர் கட்டை நீட்டினார். கட்டோடு என் வேட்டியும் மேலே போனது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "என்னய்யா, வேட்டியையும் ஆவணமாக் குறிக்கப் போறீகளா?"

கோர்ட்டே குலுங்கியது. நீதிபதி வாயைப் பொத்திக்கொண்டு, "தையலை வெட்டுங்கள்" என்றார்.

கோணியூசி பதறினார். "ஐயா, தையல்ல மட்டும் கைவைக்க வேணாம். வேட்டியை வெட்டிருவோம்!"

பிளேடால் வெட்டியும் விட்டார். அதே கையோடு தன் தோள்துண்டை உருவி என் இடுப்பில் சுற்றினார். அந்தக் கோலத்தில் கூண்டேறி, தரையைப் பார்த்தபடியே சாட்சி சொன்னேன். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

'நடுவிலிருக்கும் பத்திரம் பிற்பாடு சொருகியது' என்று எதிர்த்தரப்பு வாதாடிப் பார்த்தது. நீதிபதி கட்டைத் தூக்கி உலுக்கினார். ஒரு தாள்கூட அசையவில்லை. என் வேட்டித் துணிதான் ஆடியது.

மறுநாள் கோணியூசி ஆலைக்கு வந்தார். "வேட்டியக் கொடுங்க மொதலாளி" என்று வாங்கி, வெட்டிய ஓரத்தை அதே ஊசியால் மடித்துத் தைத்துத் தந்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்று அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். பொங்கலுக்குப் பொங்கல் இன்னமும் கட்டுகிறேன்.

பாதையை மீட்டது வக்கீல் என்று ஊரில் பேசுகிறார்கள். தப்பு. முதலில் கோணியூசியைச் சொல்லுங்கள். மடியில் இறுக்கிப் பிடித்தவன் நான் என்பதையும் விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.