நந்திதுர்க் பங்களாவில் ஓர் ஆந்தை

பொறாமைப்பட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பெங்களூரில் யாரோ ஒருவர் நீச்சல் குளம் வைத்து வீடு கட்டினால் எனக்கு ஒரு வாய் சோறு கூடக் குறையாது. என் சகலை ஜெயராமன் வாசலுக்குப் புது கேட் போட்டால் எனக்கு நெஞ்சு எரியும். (டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்கிறார். காரம் என்ன செய்யும், பாவம்.)

ஜெயராமன் என் மனைவி மல்லிகாவின் தங்கை சுகுணாவைக் கட்டியவர். டிப்ளமோ படித்துவிட்டு இந்தப் பழைய தங்கச் சுரங்க ஊரிலேயே பெரிய தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். நான் பத்தாவதோடு நின்று, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அப்பா வைத்த ஃபேன்சி ஸ்டோரில் உட்கார்ந்தவன். வளையல், ரிப்பன், பிளாஸ்டிக் வாளி, குடம், கோலமாவு டப்பா எல்லாம் விற்கிறோம். விற்கிறோம் என்றால் மல்லிகா விற்கிறாள். எனக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அவள் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். மற்ற நேரம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். போனில் ஜெயராமன் எடுத்த போட்டோ வந்திருக்கும்.

அவருக்கு போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் ஊர் போட்டோக்காரர்கள் ஒரு கூட்டமாகக் கிளம்புவார்கள். பறவைக்கும் படகுக்கும் பேத்தமங்களா ஏரி, ரயிலுக்கு மாரிக்குப்பம், பழைய கட்டடத்துக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்கள். ரிட்டயரான டிராயிங் மாஸ்டர் வில்சன் சார்தான் கூட்டத்துக்குத் தலைவர்.

ஜெயராமன் எடுத்த மீன்கொத்தி மாமியார் வீட்டு ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாமியார் சாமிக்கு வைத்த பூவில் ஒன்றை அதற்கும் வைக்கிறார். நான் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. என் கல்யாண போட்டோ சமையலறைக்குப் போகிற வழியில், காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

ஜெயராமன் கெட்டவராக இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அவரோ தங்கமானவர். புது கேமரா வாங்கியதும் பழையதைத் துடைத்து, பையோடு கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"ண்ணா, ஞாயித்துக்கெழம கட மூலயில உக்காந்துக்கினு இன்னா பண்றீங்க? எங்களோட வாங்க."

வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். அப்படித்தான் அவருடைய பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே ஏரி, ஒரே வெயில். அவர் எடுத்தால் மீன்கொத்தி வாயில் மீன் இருக்கும். நான் எடுத்தால் மீன்கொத்தி கிளம்பிப் போன கிளை இருக்கும். அவர் எடுத்த ரயில், வளைவில் சூரியனைத் தலையில் வைத்துக்கொண்டு வரும். என் ரயிலுக்கு முன்னால் ஓர் ஆடு நிற்கும். படகில் போகிற மீன்காரர் அவரைப் பார்த்துச் சிரிப்பார், என்னைப் பார்த்ததும் "யாருய்யா அது, கவருமெண்ட்டு ஆளா?" என்று கத்தி முதுகைத் திருப்பிக்கொள்வார். பறவையும் ரயிலும் ஓடுகிறவை, போகட்டும். நூறு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற பங்களா கூட என் போட்டோவில் ஆடியிருக்கும்.

இந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைக்கும். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற நடுச் சுவரில் ஒரே ஒரு பெரிய படம் மாட்டுவார்கள். நான் பார்த்த காலமெல்லாம் அங்கே ஜெயராமனின் படம்தான். என் படம் (ஆடு) போன முறை கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஈரக் கையோடு பார்த்தார்கள்.

அந்த நடுச் சுவர் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. வீடு, நகை, வண்டி எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. என் படம் அங்கே தொங்க வேண்டும், மாமியார் அதைப் பார்க்க வேண்டும், ஜெயராமன் பக்கத்தில் நின்று "ண்ணா, இத எப்டி எடுத்தீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கூடக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, யாரிடமும் சொல்லாமல் கேமராவோடு நந்திதுர்க் பக்கம் தனியாகப் போனேன். மூடின சுரங்க ஷாஃப்டைத் தாண்டி யாரும் குடியில்லாத ஒரு பங்களா. கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். கூரைக்குக் கீழே உடைந்த வென்டிலேட்டர். அதில் ஓர் ஆந்தை.

பெரிய ஆந்தை. தலையில் கொம்பு மாதிரி இரண்டு குடுமி. மஞ்சள் கண். என்னையே பார்த்தது. கேமராவைக் கம்பிக்கு நடுவில் நுழைத்தேன். பிறகு அது மெதுவாக, மிக மெதுவாக, தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பியது. 'போடா, உன்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்' என்கிற மாதிரி ஒரு திருப்பல். பனி மூட்டம் இருந்ததால் படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எடுத்து முடிக்கும் வரை ஒரு பறவை இருந்த இடத்திலேயே இருந்தது.

(ஏன் இருந்தது என்று அப்போதே யோசித்திருக்கலாம்.)

படத்தை வில்சன் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பறவைப் புத்தகத்தை முன்னாலும் பின்னாலும் புரட்டினார்.

"இன்னாய்யா இது! நம்மூரு கொம்பன் ஆந்தக்கி கண்ணு ஆரஞ்சா இருக்கும். இது மஞ்சள். கழுத்துல வெள்ளப் பட்ட வேற. இது அமெரிக்காக்காரனுதுய்யா! இந்தியாவுல யாருமே பாத்ததில்ல!"

"அமெரிக்காவுல இருந்து எப்டி சார் வரும்?"

"கப்பல்ல ஏறி வந்திருக்கும்யா. அப்டி நடக்கறது உண்டு."

(கப்பலில்தான் வந்தது. அது மட்டும் சரி.)

நடுச் சுவர் எனக்குத்தான் என்று வில்சன் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு பறவை நிபுணரை அழைத்து வந்து நேரில் காட்டிவிடலாம் என்றார். "அது வரைக்கும் எடத்த யார்க்கும் சொல்லாத. பொண்டாட்டிகிட்ட கூட."

இது பறவைப் படம் எடுப்பவர்களின் வழக்கம். இடம் தெரிந்தால் ஊரே திரண்டு போய்ப் பறவையை விரட்டிவிடும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கோ பிறவியிலேயே வாய் திறக்காது. இந்த ஒரு வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. மல்லிகாவுக்குப் படத்தைக் கூடக் காட்டவில்லை.

பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்வின் பொற்காலம். விஷயம் கூட்டத்தில் கசிந்து ஜெயராமன் கடைக்கே வந்துவிட்டார். வாளி வாங்குகிறவர் போல ஒரு வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ண்ணா, எதோ ஆந்தயாமே? வில்சன் சார் சொன்னாரு."

"ஆமா."

"எந்தப் பக்கம்ணா? பாலகாட் பக்கமா?"

நான் சிரித்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தபோது முகம் ஒரு மாதிரி சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம். கண்ணாடியில் நான் தினமும் பார்ப்பது. அன்று இரவு இரண்டு சப்பாத்தி அதிகம் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பங்களா கேட்டுக்கு வெளியே முக்காலிகளை வரிசையாக நிறுத்தினார்கள். பீரங்கி மாதிரி லென்சுகள். பெங்களூர் நிபுணர் உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டையில் வந்திருந்தார். நான் நடுவில் நின்றேன். மல்லிகாவிடம், "காலையில இட்லி எடுத்துக்கினு சுகுணாவோட நந்திதுர்க் பங்களா கிட்ட வா, ஒரு விஷயம் காட்றேன்" என்று மட்டும் சொல்லி வந்திருந்தேன். என் பெருமையை அவள் நேரில் பார்க்க வேண்டாமா?

பனி விலகியது. ஆந்தை அதே இடத்தில் இருந்தது. ஷட்டர் சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்டது. ஜெயராமன் எடுத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாருங்க, ஒரு புறா கூட கிட்ட வரல" என்று வில்சன் சார் கிசுகிசுத்தார். "வேட்டப் பறவன்னா அந்த பயம் இருக்கும்."

அப்போது காற்று அடித்தது. எங்கள் ஊர்க் காற்று தெரியுமே, தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண்ணை வாரி வாய்க்குள்ளேயே போட்டுவிட்டுப் போகும். ஆந்தை தலையைத் திருப்பியது. எல்லாரும் 'ஆ' என்றார்கள்.

தலை பக்கவாட்டுக்கு வந்தது. முதுகுப் பக்கம் போனது.

"ஆந்த முக்கா சுத்து வரிக்கும் திருப்பும்" என்று வில்சன் சார் விளக்கினார்.

தலை முக்கால் சுற்றைத் தாண்டியது. முழுச் சுற்றும் சுற்றி, பழையபடி எங்களைப் பார்த்தது. வில்சன் சார் விளக்கத்தை நிறுத்திவிட்டார். காற்று இன்னும் பலமாக அடித்தது. தலை இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு விசிறி மாதிரி கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது.

ஷட்டர் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெங்களூர் நிபுணர் பைனாகுலரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். நான் ஷாஃப்டைப் பார்த்தேன். அதை மூடாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்த நிசப்தத்தில்தான் ஆட்டோ வந்து நின்றது. மல்லிகா டிபன் கேரியரோடு இறங்கினாள், பின்னாலேயே சுகுணா. மல்லிகாவுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. கடையில் கூவிப் பழகின தொண்டை.

"இன்னாங்க இது, நம்ம கட ஆந்தய எதுக்கு இத்தினி பேரு போட்டோ புடிக்கிறீங்க?"

யாரோ இருமினார்கள்.

"நம்ம கடயா?" என்றேன்.

"ஆமாங்க! மொத்தக் கடக்காரரு ஃபாரின் சரக்கோட, புறா வெரட்டற பொம்மன்னு சாம்பிளுக்கு அனுப்பிச்சாரே! ஒரு வாரம் உங்க தலைக்கு மேல தொங்கிக்கினு இருந்திச்சு. நீங்க எங்க நிமிந்து பாத்தீங்க? எப்பப் பாரு போன்ல ஜெயராமு போட்டோ!"

சத்தம் கேட்டு பங்களா வாட்ச்மேன் முனியப்பா உள்ளேயிருந்து வந்தார். மல்லிகாவைப் பார்த்ததும் அவருக்கு ஏகச் சந்தோஷம்.

"நமஸ்காரம் அக்கா! நீங்க குடுத்த கூபே சூப்பர்! காத்து வந்தா தல சுத்துது, பாரிவாளம் ஒண்ணு கூட வர்றதில்ல. இன்னொண்ணு இருந்தா குடுங்க, பின்னாடி ஜன்னலுக்கு வேணும்." (அவருக்குக் கூபே என்றால் ஆந்தை, பாரிவாளம் என்றால் புறா. கன்னடம். அன்றைக்கு எந்த மொழியில் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான்.)

பெங்களூர் நிபுணர் நல்ல மனிதர். முக்காலியை மடக்கினார். "இட்லி சாப்டுட்டுப் போங்க சார்" என்று மல்லிகா தட்டை நீட்ட, சட்னி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வில்சன் சார் பறவைப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, மறுபடி திறந்து, மறுபடி இழுத்தார்.

நான் ஜெயராமன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சிரித்தால் கூடத் தாங்கிக்கொள்வேன். ஆறுதல் சொன்னால் செத்துவிடுவேன். ஆனால் பேசியது சுகுணா.

"அடப்பாவிங்களா, இந்த பிளாஸ்டிக்குக்கா? க்கா, ஒனக்குத் தெரியுமா, ஆந்தன்னு கேட்டதிலருந்து இந்த மனுசன் சரியா சாப்பிடல. ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்கு வராம பாலகாட், பேத்தமங்களான்னு ஒவ்வொரு மரமா அண்ணாந்து பாத்துக்கினு திரியறாரு. கழுத்து புடிச்சிக்கினு தைலம் தேச்சி விட்டேன்!"

"சுகுணா, சும்மா இரு" என்றார் ஜெயராமன். காது வரை சிவந்திருந்தார்.

எனக்கு அழுகை, சிரிப்பு இரண்டும் ஒன்றாக வந்தது. இவ்வளவு காலம் நான் மட்டும் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அவரும் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் என்னைப் பார்த்து! "கழுத்து இப்ப எப்டி கீது, ஜெயராம்?" என்று கேட்டேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்த பதில்களில் இது இல்லை. தானாக வந்தது.

கண்காட்சியில் நடுச் சுவர் மறுபடியும் அவருக்கே போனது. சிறகை விரித்து இறங்குகிற பெலிகன். குற்றம் சொல்ல இடமில்லாத படம். அதைப் பார்க்க மாமியாரை அழைத்து வந்தார். கதை முழுவதையும் இரண்டு மகள்களும் போட்டி போட்டுக்கொண்டு அவருக்குச் சொல்லி முடித்திருந்தார்கள். மாமியார் படத்துக்கு மிக அருகில் போய், மேலும் கீழும் பார்த்து, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏன் மாப்ள, இதுவும் நம்ம மல்லிகா கடையில வாங்குனதுதானா?"

அதோடு முடிந்தது ஜெயராமனின் ராஜ்ஜியம். அவமானப்பட்டவன் நான், ஆனால் குடும்பத்தில் அதன் பிறகு யாரும் அவர் பறவைகளை நம்புவதில்லை. குடும்பக் குரூப்பில் அவர் கொக்கு அனுப்பினால், வீட்டுப் பிள்ளைகளில் யாராவது உடனே "காத்து அடிச்சப்ப பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். வரன் போட்டோ வந்தால் கூட எங்கள் வீட்டில் அதே கேள்விதான். ஜெயராமனும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் போட்டோவோடு அந்தப் பறவை பறந்து போகிற வீடியோவையும் சாட்சிக்குச் சேர்த்து அனுப்புகிறார்.

போன வாரம் ஒரு நாரை ஏரியிலிருந்து எழும்பி மலைப் பக்கமாக அழகாகப் பறந்து போனது. மாமியார் அதை என் போனில் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"பேட்டரி போட்டதா இருக்கும்" என்றார்.