பூசணி மாமாவுக்கு ஒரு சாட்சி

"இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், உண்மை" என்பதுவரை எழுதிவிட்டுச் சிங்கராயர் பேனாவை நிறுத்தினார். தேத்தண்ணி வந்துவிட்டது.

அந்தத் தேத்தண்ணி இரண்டு நிமிஷம் பிந்தி வந்திருந்தால் சதீஸ்குமார் அன்றைக்கே பாதி ஜே.பி. ஆகியிருப்பார்.

சதீஸ்குமார் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவர். இப்போது ஜே.பி. என்கிற சமாதான நீதவான் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதியில் கையெழுத்து வாங்கத் தோட்டத்துச் சனங்கள் பண்டாரவளை வரைக்கும் அலைகிறார்கள், அந்த அலைச்சல் தீரட்டும் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். அது நிஜம்தான். ஆனால் 'உண்மைப் பிரதி என உறுதிப்படுத்துகிறேன்' என்று தன் பெயர் போட்ட ரப்பர் சீல் ஒன்றை முன்கூட்டியே பதுளையில் செய்து வாங்கி, மனைவியின் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததும் நிஜம்தான்.

விண்ணப்பத்தோடு வைக்க ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சிங்கராயரின் கடிதத்துக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. ஏனென்றால் அவர் இலேசில் எழுத மாட்டார். சொந்த மைத்துனருக்கே 'எனக்குத் தெரிந்தவரை நல்லவர்' என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

உள்ளறையில் யாரோ போனில் கார்ட்டூன் பார்க்கும் சத்தம் கேட்டது. சதீஸ்குமாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப புள்ளைங்களுக்கு எல்லாம் பொம்மைப் படம்தான் சேர். எங்க காலத்துல உசிருள்ள ஆளே டீவியில வருவாங்க. பூசணி மாமாவ மறக்க முடியுமா?"

"யாரு?"

"பூசணி மாமா சேர். சனிக்கிழமை ஆறு மணிக்கு வருவாரு. தலை பூசணிக்காய், சட்டை ஒரச்சாக்கு. பாடுவாரு, கதை சொல்லுவாரு, கொழுந்துக் கூடைக்குள்ள கைய விட்டு ஒவ்வொரு சாமானா எடுப்பாரு. ஒரு தடவ என் பேரச் சொல்லியே பொறந்தநாள் வாழ்த்துச் சொன்னாரு. எங்கப்பா போஸ்ட்கார்டு போட்டிருப்பாரு போல."

"எந்த வருஷம்?"

"எண்பத்தேழு, எண்பத்தெட்டு."

சிங்கராயர் பேனாவுக்கு மூடி போட்டார். "அப்ப எங்க வீட்டுல டீவி இருந்துச்சு சதீஸ். இருந்ததே ரெண்டு சேனல். சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் அதுக்கு முன்னாலதான் உக்காந்திருப்பேன். பூசணியும் வரல, பாவக்காயும் வரல."

"வந்துச்சு சேர்!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இதற்கு ஆமென்றாலும் வம்பு, இல்லையென்றாலும் வம்பு. சதீஸ்குமார் தேத்தண்ணியைக் குடித்தார்.

சிங்கராயர் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "கடிதம் 'உண்மை'ங்கற சொல்லுல நிக்குது. அத முடிக்கணும்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். அவசரமில்ல, ஆறுதலா கொண்டு வாங்க."

அன்று வீட்டில் பூசணிக்காய்க் கறி. சதீஸ்குமார் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பூசணி மாமாவுக்காகக் கடிதத்தையே விட்டுட்டு வந்தவரு பூசணிக்காயத் தொட மாட்டேங்கிறாரே!" என்றாள் மனைவி ஜெயந்தினி.

"சின்ன வயசுல முக்காவாசி ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல இதேதான் கறி. அலுத்துப்போச்சு. ஆனா நீயாச்சும் என்னைய நம்பு. புள்ளக் காம்பரால நாப்பது புள்ளைங்க உக்காந்து பாத்தோம்."

புள்ளக் காம்பரா என்றால், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம். லயத்துச் சனங்கள் காசு சேர்த்து வாங்கிய டீவி அங்கேதான் இருந்தது. அந்தக் கட்டடத்தின் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த சன்னலில் அதைப் பொருத்தியிருந்தார்கள். தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் கரண்டு அடிக்கும் என்று பயங்காட்டி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று, ஏனோ படத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

டீவிக்குப் பொறுப்பு சதீஸ்குமாரின் அப்பா நல்லையாதான். பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. பிள்ளைகளைக் கோட்டுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, படம் தொடங்கும் நேரத்தில் ஆள் எங்கோ போய்விடுவார். மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எல்லாருடைய அப்பாவும் நிற்க, நம் அப்பாவுக்கு மட்டும் நம்மோடு சிரிக்க நேரமில்லையே என்று அந்தப் பிள்ளை மனது வெந்தது. அப்பா செத்துப் பத்து வருஷமாகியும் அந்தக் குறை சதீஸ்குமாருக்கு ஆறவில்லை.

கேட்டுப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஒருவரும் இப்போது தோட்டத்தில் இல்லை. ஆகவே மகள் சிவசக்தி போனில் தேடினாள். பூசணிக்காய் அல்வா செய்யும் முறை பதினேழு வந்தது. மாமா வரவில்லை.

"பேஸ்புக்ல கேட்டுப் பாப்போம்பா" என்றாள். கேட்டார்கள். இரண்டு நாளில் அறுபது பேர் பதில் போட்டார்கள். 'ஐயாவை நல்ல டொக்டரிடம் காட்டவும்' என்றார் ஒருவர். 'சுரைக்காய் சித்தப்பா வரவில்லையா?' என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனபோது அவர் மேசைமேல் ஒரு பூசணிக்காய் இருந்தது. யாரோ அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, காதில் பேனாவும் செருகியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் 'பூசணிக் கிளாக்கர்' என்ற பெயர் இரண்டே நாளில் நிலைத்துவிட்டது.

ஆனால் அறுபதில் ஒன்று மாணிக்கம். 'ஹாலிஎல ஹேமா' என்ற பெண் எழுதியிருந்தாள்: 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூசணி மாமா மிகவும் நல்லவர்.'

சதீஸ்குமார் அதைக் கலரில் அச்செடுத்துக்கொண்டு சிங்கராயர் வீட்டுக்கு ஓடினார். கூடவே சிவசக்தியும் போனாள். போகும்போதே அவள் முகம் சரியில்லை.

சிங்கராயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சாட்சி சொல்ற பொண்ணு படம் போடல, பூனைப் படம்தான் போட்டிருக்கு."

"இப்ப எல்லாரும் அப்படித்தான் சேர்."

"இடது காது கிழிஞ்ச பூனை. போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தப்ப என் மடியில ஏறிப் படுத்துச்சே, அதே பூனைதானே இது?"

சிவசக்தி நிலத்தைப் பார்த்தாள். "அப்பாவப் பாக்கப் பாவமா இருந்துச்சு சேர். அதான் நானே போட்டேன்."

"ஜே.பி.க்குக் கேக்குறவரு வீட்டுலயே பொய்ச் சாட்சி!" என்றார் சிங்கராயர். லாச்சியைத் திறக்கக்கூட இல்லை.

இனி உயிருள்ள சாட்சிதான் வேண்டும் என்று சதீஸ்குமார் வெலிமடைக்குப் போன் போட்டார். வீரய்யா அவரோடு சோக்கட்டிக் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். இப்போது உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறான். கூப்பிட்ட உடனே லொறியோடு வந்து நின்றான்.

"பூசணி மாமாவா? நேத்துப் பாத்த மாதிரி இருக்கு சேர்!" என்று சிங்கராயர் முன்னால் அவன் ஆரம்பித்தபோது சதீஸ்குமாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கையிலயே 'சதீசு, மூக்கத் தொடை'ம்பாரு. இவனுக்கு எப்பவும் மூக்கு ஒழுகும் சேர்."

"கொழும்புல இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?" என்றார் சிங்கராயர்.

"நாட்டுல எத்தனையோ சதீஸ் சேர், எல்லாருக்கும் மூக்கு ஒழுகும்தானே" என்று சதீஸ்குமார் அவசரமாகச் சமாளித்தார்.

வீரய்யா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல சாட்சி என்று பெயரெடுக்கும் ஆசை யாரை விட்டது? "அதுல ஒரு விசேஷம் சேர், ஒரு நாளும் விளம்பரம் போட மாட்டாங்க. இன்னொரு விசேஷம், அடைமழைக்குத் தோட்டம் முழுக்கக் கரண்டு போன அன்னிக்கும் பூசணி மாமா வந்தாரு. குப்பிலாம்பு கொளுத்தி வச்சுக்கிட்டு டீவி பாத்தோம்!"

சதீஸ்குமார் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். மிதிபட்டது சிங்கராயரின் கால்.

"கரண்டு இல்லாம டீவி ஓடுச்சு" என்று சிங்கராயர் நிதானமாகச் சொன்னார், காலைத் தடவிக்கொண்டே. "நல்லது. இது வரைக்கும் பொய் சொல்றவரு ஒருத்தருன்னு நெனச்சேன்."

சதீஸ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜே.பி. போனால் போகட்டும், ரப்பர் சீலை அடுப்பில் போடலாம். ஆனால் தன் பிள்ளைப் பருவத்தின் ஒரே சந்தோஷத்தைப் பொய் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதை எப்படித் தாங்குவது?

"சேர், அந்த டீவிய பெரகலையில ரிப்பேர் கடை வச்சிருந்த ஹபீஸ் நானாதான் பாத்துக்கிட்டவரு. இன்னும் உசிரோட இருக்காரு. அவரையும் கேட்டுருங்க. அவரும் இல்லன்னு சொல்லிட்டா நான் இந்தப் பேச்சையே விட்டுர்றேன்."

சிங்கராயர் யோசித்தார். பிறகு கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நடங்க. இன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டிருவோம்."

லீக்ஸ் மணக்கும் லொறியில், கூட வந்திருந்த சிவசக்தியோடு நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு பெரகலைச் சந்திக்கு இறங்கினார்கள். கடையில் இப்போது போன் கவர்கள் தொங்கின. மகன் றில்வான் வியாபாரத்தைப் பார்க்க, மூலையில் ஒரு கதிரையில் ஹபீஸ் நானா உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிவிட்டார், பார்வை மட்டும் கூர்மை.

"நல்லையாட மகன்தானே? மூக்கப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

"நானா, எங்க புள்ளக் காம்பரா டீவி ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? றில்வான், மேல பரண்ல அந்தக் கடைசி மூலையில கெடக்கிறத எறக்கு."

தூசியும் சிலந்தி வலையுமாக ஒரு பழைய டீவியின் உள்சாமான்கள் இறங்கி வந்தன. நூலில் ஓர் அட்டை தொங்கியது: 'நல்லையா, பூனாகலை.' சதீஸ்குமார் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிங்கராயரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"இதுதான் சேர்! இதுலதான் பூசணி மாமா வந்தாரு! நானா, மூணு வருஷம் ஓடுச்சுன்னு நீங்களே சேருக்குச் சொல்லுங்க."

ஹபீஸ் நானா விழித்தார். "ஓடுச்சா? வாங்கி மறுமாசமே இடி விழுந்து டியூப் போயிருச்சு மகன். சாமான் கொழும்புல இருந்து வரணும்னேன், வரவே இல்ல. எண்பத்தாறாம் ஆண்டுல இருந்து இது இந்தப் பரண்லதான் கெடக்கு."

வீரய்யா லொறியின் டயரைப் பார்க்க வெளியே போனான். சிவசக்தி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிங்கராயர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, கிழிப்பதற்காக நடுவில் மடித்தார்.

"கிழிச்சிராதீங்க சேர், நான் இன்னும் முடிக்கல" என்றார் ஹபீஸ் நானா. "டீவி சரிவராதுன்னு சொன்னதும் நல்லையா கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னாரு. பொறகு, வெறும் பொட்டிய மட்டும் கழட்டித் தாங்க, கண்ணாடி வேணாம்னாரு. கோழி அடைக்கவான்னு கேட்டேன். இல்ல நானா, சனிக்கிழமை புள்ளைங்க வந்து உக்காந்துருவாங்கன்னாரு. பொட்டியத் தோள்ல வச்சுக்கிட்டு, அந்தா அந்த மரக்கறிக் கடையில நின்னு, ஒவ்வொண்ணா எடுத்துத் தன் தலையோட வச்சு வச்சு அளவு பாத்து, பெருசா ஒரு பூசணிக்காயும் வாங்கிக்கிட்டுத்தான் போனாரு."