கார்தான் ஜோடித்தோம், கல்யாணம் நடக்கவில்லை

சேசு மரி சூசை காக்க

சுங்கை பினாங்,
7-11-1931, சனிக்கிழமை.

தைப்பிங்கில் வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் மகா கனம் பொருந்திய மச்சான் பீட்டர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் லாரன்ஸ் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் உங்கள் தங்கை அமலம்மாளும், உங்கள் மருமகள் சவுந்தரமும், வலது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கும் நானும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்க வேண்டியது முறை. ஆனால் நேற்று வந்த தங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே தாங்கள் சுகமாயில்லை என்று தெரிந்துவிட்டது. பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கே போயிருக்கிறது. "தாய்மாமன் நான் கல்லு மாதிரி உயிரோடிருக்கையில், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்ணைக் காரில் ஏற்றிக் கட்டிக் கொடுத்துவிட்ட துரோகியே" என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் அமலம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணனுக்குக் கையெழுத்து எவ்வளவு லட்சணம் பாத்தீங்களா?" என்றாள். குடும்பத்தில் எனக்கிருக்கும் ஆதரவு இவ்வளவுதான்.

மச்சான், கல்யாணம் நடக்கவில்லை. கார்தான் ஜோடித்தோம். உங்களுக்கு எழுதிப் போட்டது பக்கிரிசாமிதான் என்பது எனக்குத் தெரியும். துறைமுகத்தில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர், நல்ல மனிதர், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது வேறு, நடந்தது வேறு. ஒன்று விடாமல் சொல்கிறேன், தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படவும்.

கிடங்கில் முப்பது வருஷம் சாக்கு எண்ணிய எனக்கு ஏப்ரல் மாதம் ஓய்வு கொடுத்து, ஒரு கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? முதல் வாரம் அமலம்மாளுடைய அடுக்களை டப்பாக்களையெல்லாம் உயர வாரியாக மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றிலும் கிடங்கு நம்பர், வரிசை நம்பர் ஒட்டினேன். இரண்டாம் வாரம் பாயசத்தில் மல்லித்தூள் விழுந்தது. அன்றைக்கே அவள் என் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருப்பது வாடகைக் கார் ஓட்டும் பஷீரும் அவர் மனைவி காமாரியாவும். காமாரியா மலாய்க்காரப் பெண், ஆனால் தமிழில் நம்மைவிட வேகமாகச் சண்டை போடுவாள். மலாய்க்காரர் கல்யாணங்களில் விருந்தாளிக்கு அவித்த முட்டையோடு ஒரு காகிதப் பூவும் கொடுப்பார்களே, அந்தப் பூ செய்வது அவள் கைத்தொழில். "காமாரியா, இவரைக் கொஞ்ச நேரம் வச்சுக்க. எனக்கு வீட்டுல கை ஓடலே" என்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற மாதிரி விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

காமாரியா என் கையில் சிவப்புக் காகிதத்தையும் கம்பியையும் கொடுத்தாள். நான் முதலில் செய்த ரோஜாவை அவள் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோபிஸ்" என்றாள். மலாயில் முட்டைக்கோஸ். "பெலான் பெலான் லா அண்ணே, மெள்ள மெள்ள! இது சாக்கு இல்லே, பூ. இழுத்தா கோவிச்சுக்கும்" என்று விரலைப் பிடித்து, இதழின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெள்ள நீவிச் சுருட்டக் கற்றுக்கொடுத்தாள். பதினாலாம் நாள் ஒரு ரோஜா வந்தது. நிஜமாகவே வந்தது, மச்சான்! உள்ளே மொட்டு, வெளியே மலர்ச்சி, கீழே பச்சை இலை. நான் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அமலம்மாள் மாவு பிசைந்த கையைத் துடைத்து, அதை வாங்கி, கொண்டையில் செருகிக்கொண்டு, "நல்லாருக்கா?" என்றாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் நான் அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. துறைமுகப் பழக்கத்தில், "சரக்கு வந்து சேர்ந்தது, சேதமில்லை" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. விளக்குக்குப் பூ, தண்ணீர்ப் பானைக்குப் பூ, சவுந்தரத்தின் தையல் மிஷினுக்குப் பூ. காகிதப் பூ செய்யவேண்டுமானால் நிஜப் பூவைப் பார்க்க வேண்டாமா? ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்ததும் மூன்று பேருமாகக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தோம். மலாயில் பூங்கா என்றால் பூ, தஞ்சோங் பூங்கா என்று பேரிலேயே பூ இருக்கிறதே என்று அங்கே போனோம். மீன்தான் இருந்தது. இருந்தாலும் கடலில் கால் நனைத்தோம். அமலம்மாள் அலையைப் பார்த்துக் கத்திய கத்தலை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். பினாங்கிலே இத்தனை வருஷம் இருந்து, இந்தக் கடலில் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

இந்த நிலைமையில்தான் தாங்கள் ஏற்பாடு செய்த சம்பந்தம் வந்தது. கடலுக்கு அக்கரையில் பிறை ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணாக்கன் பால்ராஜ், அவன் தாயார் மார்த்தா அம்மாள், அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் இரு வீட்டாரும் பார்த்துக்கொள்வது, மிச்சமெல்லாம் கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் வந்து பேசி முடிப்பது. உங்கள் கடிதத்தில் 'தற்செயலாக' என்ற வார்த்தையின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். அதை நான் கவனித்தேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பஷீர், "அண்ணே, எங்க கெரேத்தாவுல போலாம், நானே ஓட்டுறேன்" என்றார். நல்ல காரியத்துக்குப் போகிற கார் மொட்டையாகப் போகலாமா? சனிக்கிழமை பூராவும் நானும் காமாரியாவும் உட்கார்ந்து முந்நூறு பூ செய்து, முகப்பு, கதவு, மேல்கூரை எல்லாம் கட்டினோம். சவுந்தரம் வந்து பார்த்து, "போதும்ப்பா! பஷீர் மாமாவுக்கு ரோடு தெரியணும்" என்றாள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரோட்டில் போனால், மச்சான், ராஜ மரியாதை! காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த சீனர்கள் எழுந்து கை ஆட்டினார்கள். சந்தியில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். அப்போதுதான் பக்கிரிசாமி ரோட்டோரம் குடையை மடக்கிக்கொண்டு, "என்னா லாரன்ஸு, மவளுக்குக் கலியாணமா? சொல்லவே இல்லியே!" என்று கூவினார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பஷீர் சந்தோஷம் தாங்காமல் பாம், பாம், பாம் என்று ஹாரனை அடித்தார். பக்கிரிசாமி அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை.

தோட்டத்து வாசலில் மார்த்தா அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நெடிய உருவம், தும்பைப் பூ மாதிரி வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, முகத்தில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பக்கத்தில் பால்ராஜ், கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு. எங்கள் காரைப் பார்த்ததும் அந்த அம்மாள் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னா இது? பொண்ணைப் பாக்க வரச் சொன்னாங்களா, தாலியோட வரச் சொன்னாங்களா?"

"அய்யோ, இல்லீங்க அக்கா, இவரு சும்மா ஜோடிச்சாரு" என்றாள் அமலம்மாள்.

"சும்மாவா?" அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சும்மா எதுக்குய்யா ஒரு மனுசன் இத்தனை பூ செய்வான்?"

"பாக்க நல்லாருக்கும்னுதான்" என்றேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு சீனக் கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சவுந்தரத்தின் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து ஆசீர்வதித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, கழுத்துப் பட்டை கட்டியவன்தான் மாப்பிள்ளையாயிருக்க வேண்டும் என்று பால்ராஜின் கையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பழத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தற்செயல் அத்தோடு போயிற்று.

அடுத்தாற்போல் குரங்குகள் வந்தன. பூ ஒட்டிய பசை அரிசி மாவில் காய்ச்சியது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை, அவை நினைத்துப் பார்த்தன. பத்துப் பதினைந்து குரங்குகள் காரின்மேல் ஏறி உட்கார்ந்து விருந்து சாப்பிட்டன. மார்த்தா அம்மாள் விரட்டுவதற்காக நீட்டிய குடையை ஒரு கிழட்டுக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. சம்பந்தியம்மாள் குடை! நான் துரத்தினேன். குரங்கு அல்லிக்குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது, நான் நேராக ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில், தலையில் ஓர் அல்லி இலையோடு நான் உட்கார்ந்திருந்தபோது, பால்ராஜ் கழுத்துப் பட்டையோடு உள்ளே இறங்கி என் கக்கத்தில் கை கொடுத்து, "மாமா, குரங்கு போயிருச்சு. எழுந்திரிங்க" என்றான். 'மாமா' என்றான், மச்சான்! கால் சுளுக்கியதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

என்னைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு நவம்பர் மழைக்கு முன்னோட்டம். பின்னால் பெண்கள் மூன்று பேர், முன்னால் பஷீரும் நானும், வெளியே கால்மிதிப் பலகையில் தொத்திக்கொண்டு பால்ராஜ். துணிக்கூரை ஒழுகியது. குரங்கு மிச்சம் வைத்த பூவெல்லாம் சாயம் விட்டது. அமலம்மாள் கொண்டையிலிருந்த ரோஜா சிவப்பாக வழிந்து, அவள் தோளிலிருந்து மார்த்தா அம்மாள் தோளுக்குப் போயிற்று. மேலிருந்து இலைப் பச்சை சொட்டுச் சொட்டாக அந்த அம்மாள் மடியில் விழுந்தது. பஷீர் வண்டியை ஓரம் கட்டினார். அந்த அம்மாள் குனிந்து முந்தானையை விரித்துப் பார்த்தார்.

"எம் புருசன் போயி எட்டு வருசம்" என்றார். "எட்டு வருசத்துல இந்தப் பொடவையில ஒரு பொட்டுக் கலர் பட்டதில்லே."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சம்பந்தம் போயிற்று, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நினைத்தேன். பின்னால் விசும்பல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாளுக்குத் தோள் குலுங்குகிறது. அழுகை இல்லை, மச்சான், சிரிப்பு! "பச்சைகூட இருக்கு, இங்க பாருங்களேன்!" என்று முந்தானையைத் தூக்கிக் காட்டினார். அமலம்மாள் சிரிக்க, சவுந்தரம் சிரிக்க, வண்டியே ஆடியது. வெளியே மழையில் நின்ற பால்ராஜுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டி, "அம்மா, என்னம்மா ஆச்சு? அழுவுறியா?" என்று பதறினான். அதற்கு இன்னும் பத்து நிமிஷம் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் பூசை முடிந்து வீடு திரும்பினால், மார்த்தா அம்மாள் பிறையிலிருந்து படகேறி மகனோடு வந்து வாசலில் நிற்கிறார். அதே புடவை. "தொவைச்சுப் பாத்தேன், போகலே. போகாட்டி இருந்துட்டுப் போகுது" என்றார். "அண்ணே, இந்தக் கொடிமலைக்கு ரயிலு போகுதாமே, நான் பாத்ததில்லே. கெளம்புங்க!" என்னை நாற்காலியோடு பஷீரும் பால்ராஜும் தூக்கி ரயிலில் வைத்தார்கள். மலை உச்சியில் குளிர், மச்சான். தலையணை அளவு நீலப் பூ. காமாரியாவுக்குக் காட்ட நான் ஒன்றைப் படம் போட்டு எடுத்துக்கொண்டேன். அமலம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பட்டணத்தைப் பார்த்தாள். என் கிடங்கு எது என்று கேட்டாள், காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தத் தீப்பெட்டிக்குள்ளயா முப்பது வருசம் இருந்தீங்க?" என்றாள். நான் அங்கேயிருந்து தினமும் இந்த மலையைப் பார்த்திருக்கிறேன். ஏறிப் பார்க்கத் தோன்றியதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

சவுந்தரமும் பால்ராஜும் சற்றுத் தள்ளி நின்று பேசினார்கள். தகப்பன் என்ற கடமையால் நாற்காலியை மெள்ள நகர்த்திக் கேட்டேன். காகிதப் பூ தின்ற குரங்குக்கு வயிற்றை வலித்திருக்குமா என்பது விஷயம். அரைமணி நேரம் அதே விஷயம். இதற்குமேல் மனப் பொருத்தம் என்ன வேண்டும்?

ஆனால் மச்சான், தேதி குறிக்கவில்லை, தட்டு மாற்றவில்லை, வாக்குக் கொடுக்கவில்லை. தாய்மாமன் வாய் திறக்காமல் இந்த வீட்டில் ஒருவரும் கொட்டாவிகூட விடமாட்டோம் என்று புக்கிட் மெர்த்தாஜாம் கோவிலில் இருக்கும் புனித அன்னம்மாள் சாட்சியாக எழுதித் தருகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஆற அமர வாருங்கள், நடு நாற்காலியில் உட்காருங்கள், தாங்கள் சொன்ன பிறகுதான் எதுவும்.

அக்காவுக்கு என் வணக்கமும் இத்துடன் ஒரு மஞ்சள் செவ்வந்தியும். மழையில் வைத்துக்கொண்டு போகவேண்டாமென்று சொல்லவும். பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். சகல பரிசுத்தரும் தங்கள் கோபத்தைத் தணித்து, தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பேனாவுக்கு மொட்டை முனையையும் அருள்வார்களாக.

தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
லாரன்ஸ்.

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். தபாலில் போடுவதற்காக உறையை ஒட்டி வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். பிரசங்கம் முடிந்து சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிக்கிற கல்யாண ஓலையை வாசித்தார்: "பிறை பால்ராஜ், சுங்கை பினாங் லாரன்ஸ் மகள் சவுந்தரம், முதல் ஓலை." நான் அது யாரடா இன்னொரு லாரன்ஸ் என்று திரும்பிப் பார்த்தேன். மார்த்தா அம்மாள்தான் புதன்கிழமை வந்து சாமியாரிடம் எழுதிக் கொடுத்தாராம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கிவிட்டால் பண்டிகை முடியும் வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாதாம், அதுவரைக்கும் யார் காத்திருப்பது என்கிறார். மலைமேல் நான் ஏதோ பேச்சுவாக்கில், "எங்க மச்சான் தங்கமான மனுசர், எதுக்கும் மாட்டேன்னு சொல்லமாட்டார்" என்றேனாம், அதுவே சம்மதம். சாமியாரிடம் கூடப் போய்க் கையெழுத்துப் போட்டது உங்கள் மருமகள். "உனக்குத் தெரியுமா?" என்று அமலம்மாளைக் கேட்டேன். "ஓ" என்றாள். பஷீருக்குத் தெரியும், காமாரியாவுக்குத் தெரியும். இந்த உலகத்திலேயே தெரியாமலிருந்தது உங்களுக்கும் எனக்கும்தான், மச்சான். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை முகூர்த்தம். அன்னம்மாள் சாட்சியாக நான் எழுதிய வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். என்னைத் திட்டுவதற்குப் போதுமான நேரம் இருக்கும்படி இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேரவும்.