கடைசி வரிசை சரத்குமார்

"பேரு சொல்லுங்க சார்."

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாணவி கேட்டதும் மருதை திருதிருவென்று விழித்தார். உப்பிலியபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். எங்கே உட்காருவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது, எப்போது நழுவுவது, எல்லாம். பேரை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்.

"சரத்குமார்," என்றார். அது அவருடைய மச்சினன் பேர்.

"என்ன பிசினஸ் சார்?"

"அது... பலதும் பாக்குறதும்மா."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பையை நீட்டினாள். உள்ளே பேனாவும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. சும்மா கொடுக்கிறார்களே, இதில் என்ன வில்லங்கமோ என்று பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டார் மருதை. சுபாவம் அப்படி. வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால்கூடத் தன் உரக்கடைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குள் விடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரே மகளைக் கட்டிக் கொடுக்க நிறுத்துப் பார்க்காமல் விடுவாரா?

ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தாயுமானவனின் மகன் தமிழ்மணிக்கு வைஷ்ணவியைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. வைஷ்ணவிக்கும் பையனைப் பிடித்துவிட்டது. இனி வேறு ஜாதகம் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியும்விட்டாள். பெரியவர்கள் நேரில் பார்த்துக்கொள்வதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தரகர் பெருமையாக ஒன்றைச் சொல்லித் தொலைத்தார்.

"பெரிய இடம்ங்க. வட்டாரத்து வியாபாரிங்களுக்குப் பொருளாதாரம் சொல்லித் தராங்களாம், யுனிவர்சிட்டியில. சனிக்கிழமை சனிக்கிழமை போய்ட்டு வராரு."

மருதைக்கு உடனே மூக்கு வேர்த்தது. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அன்றைக்குக் கல்லாவை விட்டுவிட்டு ஒரு மனுஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாடம் கேட்கிறான் என்றால் கடையில் வியாபாரம் இல்லை என்றுதானே அர்த்தம்?

"டீக்கடையில விசாரிச்சா எல்லாரும் நல்லவன்னுதான் சொல்லுவான். நான் நேராவே போய்ப் பாக்குறேன்," என்றார்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் மனைவி மலர்க்கொடி.

இப்படித்தான் அவர் 'சரத்குமார்' ஆகி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தாயுமானவனைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. முதல் வரிசையில், விரலுக்கு விரல் மோதிரத்தோடு, ஹாலே அதிரும்படி சிரித்துக்கொண்டிருந்தார். தில்லைநகரில் இன்னொரு கிளை திறக்கப் போவதாகப் பக்கத்திலிருந்த நகைக்கடைக்காரரிடம் சொன்னது கடைசி வரிசைக்கே கேட்டது. இவ்வளவு சத்தமாகச் சொல்கிறானே, நிஜமாக இருக்குமா என்று மருதைக்கு அடுத்த சந்தேகம் வந்தது.

பேராசிரியை பானுமதி நன்றாகத்தான் பேசினார்.

"விக்கிறவரைப் பத்தி வாங்குறவருக்கு முழுசாத் தெரியலைன்னா என்ன பண்ணுவாரு? இருக்கறதுலயே மோசமான சரக்கு இதுதான்னு மனசுல வச்சுக்குவாரு. அதனாலயே நல்ல சரக்கும் விலை போகாம நின்னுடும்."

படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று மருதை தலையை ஆட்டிக்கொண்டார்.

இடைவேளையில் ஹால் உதவியாளர் அடைக்கலம் டீயும் வடையும் கொண்டுவந்து வைத்தார். மருதை நைசாகத் தாயுமானவன் பக்கம் நகர்ந்தார்.

"கடை சொந்தக் கட்டடமா, வாடகையாங்க?"

தாயுமானவன் வடையைக் கடிப்பதை நிறுத்தினார். "சார் யாருன்னு தெரியலையே?"

"நான் சும்மா வந்தேங்க. யார் யார் எப்படி நடத்துறாங்கன்னு ஓரமா இருந்து பாத்துட்டுப் போகலாம்னு."

"எந்த ஊருங்க?"

"அதெல்லாம் எதுக்குங்க. சரக்கெல்லாம் கடையிலயே வச்சிருக்கீங்களா, தனியா குடோன் இருக்கா?"

தாயுமானவன் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு நகைக்கடைக்காரரைத் தேடிப் போனார். குடோன் என்றதும் ஏன் இப்படி முகம் மாறுகிறது? மருதை அதை மனசில் குறித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை தாயுமானவன் விரலில் ஒரு மோதிரம் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

"தில்லைநகர் கிளையைப் பத்திச் சொன்னீங்களே, அதையே இன்னைக்கு உதாரணமா எடுத்துக்கலாமா?" என்று பானுமதி ஆசையாகக் கேட்டார்.

"நானா மேடம்? வேற யாராவது சொல்லியிருப்பாங்க. இருக்கற கடையையே இழுத்து மூடிடலாமான்னு பாக்குறேன்."

அவர் ஒருவர் என்றில்லை. நகைக்கடைக்காரர் தை மாதத்திலிருந்து ஒரு மூக்குத்திகூட விற்கவில்லை என்றார். பஸ் முதலாளி ஒருவர் எழுந்து, வண்டியெல்லாம் காலியாகத்தான் ஓடுகிறது, பேசாமல் இரும்புக்குப் போட்டுவிடலாம் போலிருக்கிறது என்றார். அன்று காலை அவருடைய பஸ்ஸில்தான் துறையூரிலிருந்து ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தார் மருதை. பாவம், டிக்கெட் காசையெல்லாம் கண்டக்டர் அமுக்குகிறான்போல என்று நினைத்துக்கொண்டார்.

பானுமதிக்கு ஒன்றும் புரியவில்லை. மாவட்டம் வளர்கிறது என்று போர்டில் போட்டிருந்த கோட்டைத் தானே ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார்.

மருதைக்கு மட்டும் உபசரணை பலமாக இருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே இடம் விட்டார்கள். அவர் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். வெளியூர்க்காரனுக்கு என்ன மரியாதை என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் திருச்சிக்காரர்கள்மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆனாலும் வாயால் சொன்னதை வைத்து முடிவுக்கு வரலாமா? கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் ஸ்ரீரங்கத்துக்கே போனார். பாத்திரக்கடைக்கு எதிரே நின்று ஒரு காப்பி வாங்கிக் குடித்தார். கல்லாவிலிருந்த தாயுமானவன் தற்செயலாக நிமிர்ந்தார். மருதை மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அவ்வளவுதான். கடைக்குள் ஏதோ கசமுசா. வாங்க வந்தவர்களைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பினார்கள். ஷட்டர் படாரென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கச் சந்திலிருந்து அண்டாவும் குண்டானும் குத்துவிளக்குமாக நிரம்பிய ஒரு மினி லாரி, தார்ப்பாய்கூடச் சரியாகக் கட்டாமல், கொள்ளிடம் பாலத்துப் பக்கம் பறந்தது.

"என்னம்மா, இந்தக் கடை எப்படி?" என்று பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த கடைதான். இப்ப கொஞ்ச நாளாத்தான் என்னமோ சரியில்லை. மொதலாளி ராத்திரி தூங்குறதே இல்லையாம்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? கடன்காரர்களுக்குப் பயந்து பட்டப்பகலில் சரக்கைக் கடத்துகிறான். நல்லவேளை, தப்பித்தோம் என்று மருதை பெருமூச்சு விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வைஷ்ணவி நம்பவில்லை.

"தமிழ்மணி அப்படியெல்லாம் சொல்லலையேப்பா. அவங்க அப்பாவுக்கு உடம்புதான் ஏதோ சரியில்லைன்னாரு."

"சொல்லுவானா? பூசி மெழுகுவான்."

"நீங்க யாரைத்தான்ப்பா நம்பியிருக்கீங்க? எனக்கு ஸ்கூல்ல ரேங்க் கார்டு கொடுத்தாக்கூட டீச்சர்கிட்ட போய்க் கேட்டீங்க." அவளுக்குக் குரல் உடைந்தது. "சரி. அவங்க அப்பாகிட்டயே நேரா கேளுங்க. கடை நொடிச்சுப் போச்சுன்னு அவர் வாயால சொல்லி நான் என் காதால கேட்டுட்டேன்னா, இந்தப் பேச்சை விட்டுடறேன். நீங்க பாக்குற மாப்பிள்ளையைக் கட்டிக்கிறேன்."

மகள் கண்ணீர் மருதையை என்னவோ செய்தது. அவருக்கும் ஆசைதான், அந்த மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்று. வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை ஹாலுக்குள் நுழையும்போதே வைஷ்ணவிக்கு போன் போட்டு, கட் பண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹாலில் ஆளே இல்லை. பானுமதி காலி நாற்காலிகளுக்கு நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். தூணோரமாகத் தாயுமானவன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வராமல் இருந்தால் இன்னும் தப்பாகப் போய்விடுமோ என்று வந்தவர் மாதிரி இருந்தது.

மருதை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்விங்க. ஒளிக்காம சொல்லிடுங்க. உங்க கடை எப்படி இருக்கு?"

தாயுமானவன் எழுந்து நின்று கைகூப்பிவிட்டார்.

"எல்லாம் போச்சுங்க. கடையில வெறும் தகர டப்பாதான் கிடக்கு. குடியிருக்கற வீடுகூட என்னுது இல்லை. பையனுக்கு ஒரு கல்யாணம் பேசினோம், அதுக்குக்கூடக் கையில ஒண்ணுமில்லை. உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும், என்னை விட்டுடுங்க."

சட்டைப் பைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"கேட்டுட்டேன்ப்பா. வேண்டாம்னு சொல்லிடுங்க."

போன் கட்டானது. தாயுமானவன் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலைப் பார்த்து ஓடினார். மருதை உடனே தரகரை போனில் கூப்பிட்டு, அந்த இடம் வேண்டாம், இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று சொல்லி முடித்தார். கண் கலங்கிவிட்டது. மகளைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் அவள் மனசை யார் தேற்றுவது?

அடைக்கலம் ஒரு தட்டு நிறைய வடையோடு வந்து பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடுங்க சார். முதல் நாள்லேர்ந்தே உங்களைக் கண்டா இவங்களுக்கெல்லாம் கை கால் ஓடலை. நான் சம்பளக்காரன், எனக்கென்ன சார் பயம்? எங்களுக்குத்தான் காசு கைக்கு வரதுக்கு முன்னாடியே உங்க இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல பிடிச்சுக்கிறீங்களே!"